கொய்யா மரத்துப் பெருமாள்

எங்கள் வீட்டில் பெருமாள் கம்பளிப்பூச்சியாக அவதரித்தது ஓர் ஆடி மாதத்தில். அவர் ஏற்கெனவே மீனாகவும் ஆமையாகவும் பன்றியாகவும் வந்தவர் என்பதால் என் மாமியாருக்கு இதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் அரித்தது.

அப்போது நாங்கள் மைசூரில் கோட்டைக்குத் தெற்கே ஓர் அக்ரஹாரத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா என்று மூன்றே பேர். வீட்டுக்காரர் கல்லூரியில் விலங்கியல் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர். தவளையின் எலும்புகளைப் பையன்களுக்கு எடுத்துக் காட்டுகிற உத்தியோகம். நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு, தவளையை விட்டு ஒரு முழம் தள்ளி நின்று, குச்சியால் சுட்டிக்காட்டுவார். அந்த வேலையும் ஆக்டிங்தான். நிரந்தரமாகவில்லை என்றால் மேலுகோட்டைக்கே திரும்ப வேண்டும். அங்கே இவருடைய அண்ணாவின் வீடு. கோயில் கைங்கர்யம், பெரிய குடும்பம், எழுந்தால் தளிகை, உட்கார்ந்தால் தளிகை. கல்யாணமான முதல் வருஷத்தை அந்தச் சமையற்கட்டுப் புகையில்தான் கழித்தேன். குளத்துப் படியில் குடத்தோடு ஏறி இறங்கியே என் முழங்கால் கிழவியாகிவிட்டது.

மைசூரிலோ குழாய்த் தண்ணீர், தெருவுக்குத் தெரு மின்சார விளக்கு, சாயங்காலம் பூங்காவில் பேண்டு வாத்தியம். பங்களூரில் ரயில்வே உத்தியோகஸ்தர் பெண்ணாக வளர்ந்தவள் நான். பேண்டு வாத்தியத்துக்காக மோட்சத்தைக்கூட ஒத்திப்போடுவேன். ஆகையால் இவருடைய வேலை நிரந்தரமாக வேண்டும் என்று இவரைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவள் நான்தான்.

புரொபசர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தசரா பொருட்காட்சியில் கல்லூரி சார்பில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்க வேண்டும். ஏதாவது ஓர் அந்துப்பூச்சியை எடுத்துக்கொண்டு, முட்டை, புழு, கூடு, பூச்சி என்று அதன் வாழ்க்கை முழுவதையும் ஜனங்களுக்குக் காட்ட வேண்டும். நன்றாக அமைந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் தசரா முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதைச் சொல்லிவிட்டு அவர் ஏதோ காரியமாகப் பங்களூருக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அந்துப்பூச்சிப் புத்தகங்கள் இருந்த அலமாரியின் சாவியும் அவரோடு போய்விட்டது. இவர் கையில் மிஞ்சியது, எப்போதோ ஒரு புத்தகத்தைப் பார்த்து இவரே வரைந்து வைத்திருந்த ஒரே ஒரு வர்ணப்படம். பச்சை நிறத்தில் ஒரு பூச்சி, கீழே அதன் லத்தீன் பெயர். அந்தப் படத்தை நம்பித்தான் என் பேண்டு வாத்தியம் ஊசலாடிக்கொண்டிருந்தது.

ஆடி மழை பிடித்ததும் கொல்லைக் கொய்யா மரத்தில் இலை குறைய ஆரம்பித்தது. பிறகு மரத்தில் இலையே இல்லை, கம்பளிப்பூச்சிதான் இருந்தது. விரல் நீளம், உடம்பு முழுக்க மயிர், தலைக்கு இரண்டு பக்கமும் மீசை முறுக்கிவிட்டதுபோல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கற்றை. சிலது மஞ்சள் பூத்திருந்தது, சிலது சாம்பல் பூத்திருந்தது. மரம் மொட்டையானதும் அவை கீழே இறங்கி ஊர்வலம் கிளம்பின. கிளம்பியவை வேறு எங்கும் போகாமல் நேராக என் மாமியாரின் மடிப்புடவை உலர்ந்துகொண்டிருந்த கொடிக்கு வந்தன.

மறுநாள் மாமியார் மடியாகப் புடவை கட்டிக்கொண்டு தளிகைக்கு உட்கார்ந்தார். சாதம் கொதி வருவதற்குள் எழுந்து நின்று ஆடினார். மடியில் இருப்பதால் யாரும் தொட்டுத் தடவிவிடவும் முடியாது. தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை நான் தரையில் வைத்துத் தள்ள, அவர் எடுத்து முதுகில் ஊற்றிக்கொள்ள, அன்றைக்குச் சாத்தமுது பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. எனக்கும் கழுத்தெல்லாம் தடிப்பு. ஆனால் அவர் ஆடியதைப் பார்த்ததில் பாதி அரிப்பு தெரியவில்லை.

சாயங்காலம் மாமியார் ஒரு கம்பில் பழந்துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் தோய்த்துத் தயாராக நின்றார். இவர் காலேஜிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு ஓடினார்.

"அம்மா, கொளுத்தாதே! அதோட பேரு விஷ்ணு!"

மாமியாரின் கை அப்படியே நின்றது. "என்னடா உளர்றே?"

"நிஜம்மா. ட்ரபாலா விஷ்ணு. புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு. இது பூச்சியானா பச்சையா இருக்கும்."

"யாரு வெச்ச பேரு?"

"யாரோ ஒரு வெள்ளைக்காரன், அந்தக் காலத்துல."

மாமியார் கம்பைக் கீழே இறக்கினார். "வெள்ளைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத் தெரியலையே. எதுக்கு அந்த முன்பேரு?"

இவர் விளக்கினார். முதல் பெயர் கோத்திரம் மாதிரி, அதற்குள் பல பூச்சிகள் வரும். இரண்டாவது இதற்கு மட்டுமே உரிய திருநாமம். இரண்டுக்கும் மேலே லேசியோகாம்பிடே என்று ஒரு பெரிய குலம், உலகம் பூரா பரவியது. மாமியார் நெற்றியைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருத்தரைப் பற்றி என்ன கோத்திரம், எந்த ஊர், யார் வகையறா என்று விசாரித்து அடுக்கி வைப்பதில் எங்கள் ஜனத்துக்கு லண்டன்காரன்கூட ஈடாக மாட்டான். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்த லேசியோ என்னமோ, அவா மாம்சம் சாப்பிடறவாளா?"

"இலைதான் சாப்பிடும். பூச்சியானப்புறம் அதுவும் இல்லை. வாயே கிடையாது. சாகற வரைக்கும் பட்டினி."

வாழ்நாள் முழுவதும் ஏகாதசி என்றதும் மாமியார் விழுந்துவிட்டார். பூச்சிகளை வீட்டிலேயே வளர்க்க அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு கட்டளை: ஆத்துக்குள்ளே ஹிம்சை கூடாது. மற்ற காலேஜ்களில் பூச்சியை ஒரு சீசாவில் போட்டு மூடிக் கொன்று, வயிற்றைக் கீறிப் பார்த்து, குண்டூசியில் குத்துவார்களாம். எங்கள் வீட்டில் அதது தானாகப் பரமபதித்த பிறகுதான் குண்டூசி. கீறுவது கிடையவே கிடையாது. இவர் அம்மா தலைமேல் சத்தியம் பண்ணிக் கொடுத்தார். பின்னால் வந்த அத்தனை கூத்துக்கும் இந்தச் சத்தியமே மூலம்.

ஆக, கொசுவலை அடித்த மரப்பெட்டியில் கம்பளிப்பூச்சிகள் குடியேறின. பக்கத்து வீடுகளின் கொய்யா மரங்களிலிருந்து தழை ஒடித்து வரும் வேலை எனக்கு. "உங்க ஆத்துப் பெருமாள் எங்க ஆத்து மரத்தை மொட்டை அடிக்கணுமா?" என்று எதிர்வீட்டு மாமி கேட்டாள். கேட்டாலும் தழையைக் கொடுத்தாள், பெருமாளாயிற்றே. சில வாரத்தில் ஒவ்வொன்றாகக் கூடு கட்டிக்கொண்டன. குதிரைச் சேணம்போல் நடுவில் பள்ளமாக ஒரு கூடு, அதன்மேலும் தன் மயிரையே ஒட்டிவைத்திருந்தது. தொட்டால் அதுவும் அரித்தது. இவ்வளவு முன்ஜாக்கிரதை உள்ள ஜந்துவை நான் பார்த்ததில்லை.

முதல் பூச்சி வெளிவந்த காலையில் மாமியார் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். உண்மையிலேயே அழகுதான், எனக்கு அதில் வாதம் இல்லை. வெற்றிலைக் கொழுந்தின் பச்சை. இறக்கையின் குறுக்கே வெளிறிய இரண்டு கோடுகள், ஓரத்தில் புள்ளி வரிசை. உணர்கொம்பு இரண்டும் சீப்புப் பற்கள்போல் அகலமாக விரிந்திருந்தன. இறக்கையைக் கூரைபோல் சாய்த்து உட்கார்ந்தால் இலை எது, பூச்சி எது என்று தெரியாது. படத்தில் இருந்தது அப்படியே இதுதான். அந்த இரண்டு வெள்ளைக் கோட்டையும் மாமியார் எப்படி வாசித்திருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நாமத்துக்கு நடுவே சிவப்புக் கோடு இல்லையே என்று நான் கேட்டதற்கு, "சும்னே இரு" என்று கன்னடத்தில் வாயை அடக்கினார்.

பெட்டி, பூஜை அறையான பெருமாள் உள்ளுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது. ஒரு துளசிக்கொத்தும் வைத்தார். தெருவில் பாதிப் பேர் வந்து சேவித்துவிட்டுப் போனார்கள்.

சில நாளில் பெரிய கூடுகள் திறந்தன. அவற்றிலிருந்து வந்தது வேறு மாதிரி இருந்தது. பச்சைப் பூச்சியைப்போல் ஒன்றரை மடங்கு பெரிசு. மாம்பழம் பழுக்கிற மஞ்சள் பச்சை, இறக்கையின் நடுவில் காப்பி டிகாஷன் கொட்டியதுபோல் பெரிய பழுப்புத் திட்டு. உணர்கொம்பு ஒல்லி. வயிறு பருத்து, நுனியில் மயிர்க்குச்சம். பறக்கவும் பெரிதாக ஆசைப்படாமல் வந்த இடத்திலேயே கனமாக உட்கார்ந்துகொண்டது.

மாமியார் மூக்கைச் சுளித்தார். "இது என்னடா சகதியில புரண்டுட்டு வந்தாப்பல? பெருமாள் பெட்டியில இதெல்லாம் இருக்கப்படாது. எடு வெளியே."

இவரோ குதித்தார். படத்தில் இல்லாத பூச்சி! நிறம் வேறு, அளவு வேறு, உணர்கொம்பே வேறு. ஒரே மரத்தில், ஒரே மாதிரிப் புழுவாக இருந்து ஏமாற்றிய இன்னொரு இனம். யாரும் பார்க்காத, பெயரே வைக்காத இனம். இதற்குத் தான் பெயர் வைக்கப்போவதாகவும், அது மகாராஜாவின் பெயராக இருக்கும் என்றும் அன்றிரவு சாப்பிடும்போது சொன்னார். தசராவில் மகாராஜா பெயரில் மைசூர்ப் பூச்சி ஒன்று இருந்தால் எந்தப் புரொபசர் வேலை இல்லை என்பார்? பெயர்ப்பலகையைக்கூடத் தங்க எழுத்தில் எழுதக் கொடுத்துவிட்டார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. பேண்டு வாத்தியம் காதில் கேட்டது.

இரண்டு இனம் கலக்கக் கூடாது, தனித்தனியே வைக்க வேண்டும் என்றது விஞ்ஞானம். பெருமாளோடு இதைச் சேர்க்கக் கூடாது, தனியே வைக்க வேண்டும் என்றது ஆசாரம். அம்மாவும் பிள்ளையும் எதிலாவது முழு மனதாக ஒத்துப்போகிறார்கள் என்றால் அது தப்பாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பெரிய பூச்சி ஒவ்வொன்றும் வர வர மாமியார் துடைப்பத்தின் நுனியில் அதைத் தூக்கி வேறு பெட்டியில் போட்டார். அந்தப் பெட்டி கொல்லையில் கொட்டகையை ஒட்டிய அறைக்குப் போயிற்று. மாதவிலக்கான நாட்களில் நான் வீட்டை விட்டு விலகி உட்கார வேண்டிய அறை அது.

பிறகு எல்லாரும் முட்டைக்குக் காத்திருந்தோம். பச்சைப் பெருமாள்கள் துளசியின்மேல் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு மூன்று நாள் படபடத்தார்கள், ஒவ்வொருவராகப் பரமபதித்தார்கள். முட்டை மட்டும் இல்லை. புழு இருக்கிறது, கூடு இருக்கிறது, பூச்சி இருக்கிறது, முட்டை இல்லாமல் கண்ணாடிப் பெட்டி எப்படி முழுசாகும்? இவர் தழையை மாற்றிப் பார்த்தார், பெட்டியை நிழலுக்கும் வெயிலுக்கும் நகர்த்திப் பார்த்தார். கல்யாணமாகி நாலாவது வருஷமாக என்னிடமும் இதே எதிர்பார்ப்பில்தான் வீடு இருந்தது. அதனால் அந்தப் பெட்டியின்மேல் எனக்கு ஒரு அனுதாபம் உண்டு. அவர்களாவது துளசியோடு தப்பித்தார்கள், எனக்கு வேப்பங்கொழுந்துக் கஷாயம் கொடுத்தார்கள்.

"பெருமாள் முட்டை போடுவாராடா?" என்று மாமியார் கேட்டார். அவர் கேட்டதில் சாஸ்திரம் சரியாக இருந்தது. விலங்கியலும் சரியாகவே இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும்தான் உறைக்கவில்லை.

நவராத்திரி நெருங்கியது. மேலுகோட்டையிலிருந்து வந்த ஒருவர் மூலம் இவருடைய அண்ணா சொல்லியனுப்பினார்: பின்கட்டு அறையை வெள்ளையடித்து வைத்தாயிற்று, எப்போது வருகிறீர்கள்? நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கோபத்தில் பட்டினி கிடந்தேன். ஏகாதசி என்று மாமியார் பெருமைப்பட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குத் தூரம் வந்தது. கம்பளியையும் செம்பையும் எடுத்துக்கொண்டு கொல்லை அறைக்குப் போனேன். அங்கே எனக்கு முன்பே பெட்டியில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், பருத்த வயிறும் பழுப்புத் திட்டுமாக. நானும் அவர்களும் ஒரே காரணத்துக்காக ஒரே அறையில் இருந்தோம்: உள்ளே வந்தால் யாருடைய ஆசாரமாவது கெட்டுவிடும். பேச்சுத் துணைக்கு வேறு யாரும் இல்லாததால் அவர்களிடமே மாமியாரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள். வாய் இல்லாதவர்களாதலால் வெளியே போகாது.

மறுநாள் கீழ்வானம் வெளுக்கும் நேரத்தில் படபடவென்று சத்தம் கேட்டு விழித்தேன். பெட்டியின் கொசுவலைமேல், வெளிப்பக்கமாக, பச்சைப் பூச்சிகள். எதிர்வீட்டு மரத்திலிருந்து வந்தனவோ, வேறு எந்தத் தோப்பிலிருந்து வந்தனவோ, ஜன்னல் வழியாக வந்து வலையை முட்டிக்கொண்டிருந்தன. உள்ளே ஒரு பெரிய பூச்சி, முந்தின நாள்தான் கூட்டைவிட்டு வந்தது, வால் நுனியைத் தூக்கிக்கொண்டு ராணிபோல் உட்கார்ந்திருந்தது. நான் வலையின் ஓரத்தைத் தூக்கிவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். கதவைத் தட்டுகிறவர்களுக்குத் திறப்பதுதானே மரியாதை.

ஒரு பச்சை நேராக உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் வாலோடு வால் சேர்ந்து, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாணமானவர்களுக்குப் புரியாமல் என்ன?

"ஏன்னா!" என்று கத்தினேன். "சித்த வாங்கோ! உங்க விஷ்ணு இங்கே வந்திருக்கார்!"

இவர் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "எங்கே?"

"இந்தப் பெட்டிக்குள்ளே. உங்க மகாராஜாப் பூச்சியோட."

"ஐயையோ, பிரிச்சு விடு! ரெண்டும் கலந்துடப் போறது!"

"கலந்தாச்சு!"

துணி துவைக்கிற கல் வரைக்கும் ஓடி வந்து நின்றார். அந்தக் கல்தான் எல்லை. அதற்கு இந்தப் பக்கம் என் பக்கம், தீட்டு. அங்கிருந்தே எட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார், நுனிக்காலில் நின்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பெட்டியை நான் நகர்த்தினால் ஜோடி பிரிந்துவிடும்.

சத்தம் கேட்டு மாமியார் வந்தார். "என்னடி காலங்கார்த்தால?" பிறகு பிள்ளையின் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். "தாண்டாதேடா. சொல்லிட்டேன்."

இவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கல்லைத் தாண்டினார். வந்து என் பக்கத்தில் குந்திக்கொண்டார். விலகி இருக்கும் நாளில் இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பூச்சிகள்மேல் எனக்கு அப்போது வந்த நன்றியை என்னால் சொல்லி முடியாது.

ஆனால் இவர் முகம் விழுந்துவிட்டது. அகலச் சீப்புக் கொம்பு பச்சையில், ஒல்லிக் கொம்பு மஞ்சளில், பருத்த வயிறு மஞ்சளில். "ஆண், பெண்" என்று மெதுவாகச் சொன்னார். "ரெண்டும் ஒண்ணுதான். புதுசு இல்லை. கீறிப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இத்தனை நாளா ஆணை உள்ளேயும் பெண்ணை வெளியேயும் வெச்சுண்டு முட்டை எங்கேன்னு தேடிண்டிருந்திருக்கேன்." மகாராஜா போய்விட்டார். தங்க எழுத்துப் பலகை, பிற்பாடு கோலமாவு டப்பாவுக்கு மூடியாயிற்று. எனக்கு இவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. சிரித்துவிட்டேன். இவரும் கொஞ்சம் பொறுத்துச் சிரித்தார்.

மாமியார் சிரிக்கவில்லை. கல்லுக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்துவிட்டார். "அப்போ இது தாயாரா?" என்றார். "தாயாரையா நான் துடைப்பத்தால தள்ளினேன்?" கண்ணில் தண்ணீர். பெருமாளின் தேவியான தாயார் அவரை விட்டு ஒரு கணமும் பிரியமாட்டாள், அவளை முன்னிட்டுக்கொண்டுதான் அவரிடம் போக வேண்டும் என்று பரம்பரை பரம்பரையாகப் பேசித் தீர்த்த குலம் எங்களுடையது. அப்பேர்ப்பட்ட குலத்தில் பிறந்து பெருமாளை மட்டும் துளசியோடு தனியே வைத்துக்கொண்டு பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருந்தோம். வேறு யாருடைய வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது.

மாமியார் அன்று முழுவதும் புலம்பினார். தாயாரைப் போய்க் கொல்லை அறையில் வைத்தோமே, எப்பேர்ப்பட்ட அபசாரம், தனியா என்ன பாடு பட்டாளோ என்று. கல்லைத் தாண்டிய இவருடைய தலையில் துணியோடு தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து மறுபடியும் புலம்பினார். அதே அறையில் நான் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர்ச் செம்பை உதைத்தேன். அது உருண்டு போய்க் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றது, மரியாதை தெரிந்த செம்பு.

பெண்பூச்சி பெட்டியை விட்டு வெளியே வந்து, கடைசியில் என் துணி உலர்ந்த கொடிக்கயிற்றில் முட்டை வைத்தது. வரிசையாக இரண்டு சாரி, மேலே தன் வால்மயிரையே எடுத்து ஒட்டி மூடிவிட்டது. எட்ட நின்று பார்த்தால் ஒரு கம்பளிப்பூச்சி கயிற்றில் ஊர்கிற மாதிரியே இருந்தது. பிறக்கும் முன்பே வேஷம் கட்டிவிடுகிற வம்சம். நான் குளித்து உள்ளே வந்த பிறகு இவர் அந்தக் கயிற்றைத் துண்டாக வெட்டி எடுத்து, பெட்டியில் மற்றவற்றோடு சேர்த்து வைத்தார். பச்சை ஆணும் மஞ்சள் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே பெயரின் கீழ்.

பொருட்காட்சிக்கு மாமியாரும் நானும் போயிருந்தோம். கொள்ளாத கூட்டம். புரொபசர் பங்களூரிலிருந்து திரும்பி, சரிகைத் தலைப்பாகையோடு ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து வந்தார். எங்கள் பெட்டியின் முன் நின்றார். எனக்கு மேலுகோட்டையின் வெள்ளையடித்த பின்கட்டு அறை கண்முன் வந்தது.

"பச்சையும் மஞ்சளும் ஒன்றுதான் என்று எப்படித் தெரிந்தது?" என்று இவரைக் கேட்டார். "புத்தகம் என்னிடம் அல்லவா இருந்தது?"

"புத்தகத்தில் இருக்கிறதா சார்?"

"ஆணும் பெண்ணும் வரிவரியாக இருக்கிறது. இது தெரியாமல் புது இனம் என்று மார்தட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி யாராவது இங்கே செய்திருந்தால் இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

புரொபசர் குனிந்து முட்டைகளைப் பார்த்தார். "இது கொய்யாக் குச்சி இல்லையே, கயிறு. எங்கே எடுத்தது?"

"வீட்டில், சார்."

"வீட்டில் எங்கே?"

"பின்பக்கம்."

"பின்பக்கம் எங்கே? எடுத்த இடத்தைச் சரியாகச் சொல்லாவிட்டால் இது வெறும் குப்பை." இதுவரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவர் பொறுமை இழந்து கன்னடத்துக்கு மாறிவிட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

இவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மரத்தடியில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "என் மனைவி விலகி உட்காரும் அறையில், சார்" என்றார். "அவள்தான் முதலில் பார்த்தாள். அது அவள் துணி உலர்த்துகிற கயிறு."

யாரோ ஒரு மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். புரொபசர் தன் தலைப்பாகையைத் தொட்டுச் சரிபார்த்தார். நான் வெட்கத்தில் செத்தேன் என்று எழுதுவது வழக்கம். நான் சாகவில்லை. அத்தனை ஜனத்துக்கு நடுவில், திருமண் கலையாமல் நின்று அதைச் சொன்ன மனிதர்மேல் எனக்குக் கொள்ளை ஆசை வந்தது.

அப்போது மாமியார் என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போனார். கன்னடத்தில், கோயில் வாசலில் பேசுகிற குரலில் சொன்னார்: "அவளை அங்கே உட்கார வைத்தது நான். இந்தப் பூச்சியை அங்கே தூக்கிப் போட்டதும் நான். இரண்டையும் நான் வெளியே தள்ளியிருக்காவிட்டால் உங்கள் காலேஜுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?"

புரொபசர் அவரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கடைசியில் என்னையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மாமியாருக்குக் கை கூப்பினார். "சரி அம்மா. உங்கள் பிள்ளை இங்கேயே இருக்கட்டும். நீங்களும் இப்படியே எதையாவது வெளியே தள்ளிக்கொண்டிருங்கள்" என்றார். இவர் வேலை நிரந்தரமானது அந்த வாக்கியத்தில்தான். அன்று சாயங்காலம் பூங்காவில் பேண்டு கேட்டுக்கொண்டே நடந்தோம். மாமியார் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் தான் கண்டுபிடித்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆசைப்பட்டபடி மைசூரிலேயே இருந்தேன். அடுத்த மாதமும், மைசூரில்தான், கம்பளியையும் செம்பையும் எடுத்துக்கொண்டு அதே கொல்லை அறைக்குப் போனேன். பூச்சிப் பெட்டி அங்கே இல்லை. தாயாரும் பெருமாளும் சேர்ந்து உள்ளே போய்விட்டார்கள். துணைக்கு யாரும் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் மாமியார் வந்து, துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று, ஒரு சிம்னி விளக்கைக் கம்பு நுனியில் மாட்டி என் பக்கம் நீட்டினார். இருட்டில் உட்கார்ந்திருக்கிறேனே என்று கொண்டுவந்தார் போலிருக்கிறது, மனசு மாறிவிட்டது என்று ஒரு நிமிஷம் நெகிழ்ந்துபோனேன்.

"ஜன்னல்ல வை" என்றார். "வெளிச்சத்துக்கு ஏதாவது பூச்சி வரும். புதுசா வந்தா ஒரு குரல் குடு, நான் எட்ட நின்னு பார்த்துக்கறேன்."

சரி என்று விளக்கை வாங்கி ஜன்னலில் வைத்தேன். அவர் உள்ளே போகும் வரைக்கும் காத்திருந்து, ஊதி அணைத்தேன்.